நார்மலுக்குக் கொஞ்சம் மேலே

எங்கள் மருத்துவமனையில் ஹார்மோனைத் தவிர வேறு எதற்கும் வைத்தியம் கிடையாது. கையை வெட்டிக்கொண்டு ரத்தம் சொட்டச் சொட்ட வருபவரிடம்கூட, தைராய்டா, சர்க்கரையா, வேறு சுரப்பியா என்று கேட்போம். மூன்றும் இல்லை என்றால் எதிரில் இருக்கும் பொது மருத்துவமனைக்கு வழிகாட்டி அனுப்பிவிடுவோம். வாசலில் பெரிய எழுத்தில் 'உங்கள் கழுத்து எங்கள் கையில்' என்று எழுதியிருக்கும். தைராய்டு சுரப்பி கழுத்தில் இருக்கிறது என்பதால் எங்கள் இயக்குநர் பல நாள் யோசித்து உருவாக்கிய வாசகம் அது. அதைப் படித்துவிட்டு உள்ளே வரத் தயங்குகிறவர்களை நயமாகப் பேசி அழைத்து வருவதற்கென்றே ஒரு காவலாளியை வைத்திருந்தோம்.

நான் அங்கே முன்பதிவுப் பிரிவின் துணை மேலாளர். எந்த நோயாளி எந்த நாளில் எந்த மருத்துவரைப் பார்ப்பது என்று முடிவு செய்கிற இடம். மேலாளர் ஓய்வு பெற்றுப் போன பிறகு அவர் நாற்காலி காலியாகவே கிடந்தது. என்னை அதில் உட்காரவைப்பது பற்றி ஒருமுறை பேச்சு வந்தபோது, இயக்குநர் சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாராம். அதில் அநியாயம் ஒன்றுமில்லை. கனத்த உடம்பும் மெதுவான நடையுமாக இருந்தவன் நான். ஊழியர்கள் எனக்கு வைத்திருந்த பெயர் நத்தை. என் காதுபட யாரும் சொன்னதில்லை. காதில் விழும் தூரத்துக்கு நான் வந்து சேர்வதற்குள் பேச்சை மாற்றிக்கொள்ள அவர்களுக்கு வேண்டிய நேரம் இருந்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்தால் உடம்பு என்னவெல்லாம் செய்யும் என்று நாங்கள் அச்சடித்து இலவசமாகக் கொடுக்கும் துண்டுப் பிரசுரத்தை எழுதியவன் நான்தான். மூத்த நிபுணர் சொல்லச் சொல்ல எழுதினேன். நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது, கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை, வெக்கை தாங்காமல் வியர்த்துக் கொட்டுவது, தொட்டதற்கெல்லாம் எரிச்சல், அகல விழித்த பார்வை. அச்சுக்குப் போகுமுன் பிழை பார்த்தவனும் நான்தான். ஒரு ஒற்றுப்பிழைகூடக் கிடையாது.

அந்தப் பிரசுரம் வந்த சில மாதங்களில் எனக்குள் ஒரு மாற்றம் தெரிந்தது. விடிவதற்கு வெகு நேரம் முன்பே விழிப்பு வந்துவிடும். படுத்துக் கிடக்கப் பிடிக்காது. எழுந்து அலமாரியை ஒழுங்குபடுத்துவேன், செருப்புகளைத் துடைத்து வரிசையாக வைப்பேன், அப்படியும் நேரம் மிச்சம் இருந்தால் மருத்துவமனைக்குப் புதிய விதிமுறைகள் எழுதுவேன். மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினேன். இத்தனை வருடம் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த மேதை எழுந்துவிட்டான் என்று நினைத்தேன். அந்த நாட்களில் நான் பச்சைத் தண்ணீரில் குளிக்கத் தொடங்கியிருந்ததால், எல்லாப் புகழும் பச்சைத் தண்ணீருக்கே என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். உண்மையில் உடம்பு அப்படிக் கொதித்ததால்தான் பச்சைத் தண்ணீரில் குளித்தேன். எது காரணம், எது விளைவு என்று பிரித்துப் பார்க்க எனக்கு நேரமில்லை. எனக்குத்தான் எதற்குமே நேரமில்லையே.

வீட்டில் இதற்கு அவ்வளவு வரவேற்பு இல்லை. என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரு விஷயத்தைக் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் வாய் திறக்க மாட்டாள். நான் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்ததும், குளிர் நாளில் ஜன்னல்களைத் திறந்து போட்டதும், கரண்டி இடம் மாறியிருந்ததற்கு வீடே அதிரக் கத்தியதும், பிறகு அதே கரண்டியால் இரண்டு பேர் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டதும் அவள் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தன. ஒருநாள் அவள் தன் தலையணையை எடுத்துக்கொண்டு மகளின் அறைக்குப் போய்விட்டாள். கல்லூரியில் படிக்கும் மகள் என்னிடம், "அப்பா, உங்களுக்கு எதாவது பண்ணுதா?" என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் பண்ணவில்லை, நான்தான் எல்லாம் பண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி, நேர மேலாண்மை பற்றி அவளுக்கு ஒரு சிற்றுரை ஆற்றினேன். அவள் பாதியில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். அன்று அவளுக்கு விடுமுறை என்று பிறகு தெரிந்தது.

வேலையிடத்தில் நிலைமையே வேறு. அங்கே என் பெயர் புயல் என்று மாறியது. இதை என் காதுபடவே சொன்னார்கள். நான் கொண்டுவந்த விதிமுறைகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். முதலாவது: ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டினால்தான் புதிய நோயாளிக்கு முன்பதிவு, மருத்துவரைப் பார்க்கும் நாளில் அந்த முடிவு இரண்டு வாரத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் எங்களிடம் முன்பதிவு கிடைப்பதே ஒரு மாதத்துக்கு அப்புறம்தான். ஆகவே நாள் வரும்போது முடிவு காலாவதியாகியிருக்கும், மறுபடி பரிசோதனை, மறுபடி முன்பதிவு, மறுபடி காலாவதி. இதை நான் கவனிக்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? நம்புங்கள். நான் அடுத்த விதிமுறையை எழுதிக்கொண்டிருந்தேன். அது: ஊழியர்கள் சலுகை கேட்பதைத் தடுக்க, அவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் வரிசையில் கடைசி இடம்.

பலன் உடனே தெரிந்தது. காத்திருப்புக் கூடம் காலியானது. பழைய நோயாளிகளையும் வேறு மருத்துவமனைகள் சிபாரிசுக் கடிதம் கொடுத்து அனுப்பியவர்களையும் தவிர வேறு யாராலும் உள்ளே வர முடியவில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மட்டும் நிற்க இடமில்லை. வரவேற்பு மேசையில் இருந்த பெண் ஒருமுறை மனம் கேட்காமல், கண் இரண்டும் பிதுங்கி நின்ற ஒரு பெரியவருக்கு விதியை மீறி இடம் கொடுத்துவிட்டாள். அவளுக்கு நான் மெமோ கொடுத்தேன். அதைக் கொடுக்கும்போது என் கை நடுங்கியது. கோபத்தால் நடுங்குகிறது என்று நான் நினைத்தேன். இரக்கத்தால் நடுங்குகிறது என்று அவள் நினைத்தாளாம். நல்ல பெண்.

அந்த வருடத்தின் சிறந்த ஊழியர் விருது எனக்குத்தான் கிடைத்தது. இயக்குநர் பேசினார். அவர் பேசத் தொடங்கினால் தன் பேச்சில் தானே கரைந்துவிடுகிற மனிதர்.

"போன வருஷம் இந்தக் கூடத்துல காலை வைக்க இடம் கிடையாது. எங்க பார்த்தாலும் நோயாளிங்க. இன்னைக்குப் பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு. நம்ம டாக்டருங்க நோயைத்தான் குணப்படுத்தறாங்க. இவரு கூட்டத்தையே குணப்படுத்திட்டாரு."

கைதட்டினார்கள். கேடயத்தை வாங்கும்போது அது என் கையில் கடகடவென்று ஆடியது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று முன்வரிசையில் யாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாருமே ஹார்மோன் நிபுணர்கள்.

இதற்குள் நான் பதினோரு கிலோ குறைந்திருந்தேன். பேன்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புதிய துளைகள் போட்டுக்கொண்டே வந்தேன். இயக்குநருக்கு மூக்கில் வியர்த்தது. மருத்துவமனை அப்போதுதான் 'புதிய நீங்கள்' என்ற எடைக் குறைப்புத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. அதில் சேர்ந்தவர்கள் யாரும் குறையவில்லை. சேராத நான் குறைந்திருந்தேன். எனவே என் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒரு போஸ்டர் அடிக்க முடிவானது. படம் எடுக்க வந்தவர், "சார், கண்ணைக் கொஞ்சம் சாதாரணமா வைங்க, முழிச்சு முழிச்சுப் பார்க்கிறீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சாதாரணமாகத்தான் வைத்திருக்கிறேன் என்றேன். கடைசியில் அவர் கணினியில் என் இமைகளைச் சற்றுக் கீழே இறக்கிக்கொண்டார். எங்கள் மருத்துவமனையில் என் நோய்க்கு முதன்முதலில் எதையாவது செய்தவர் அவர்தான்.

போஸ்டரோடு கூடுதல் பொறுப்பும் வந்தது. எடை கூடி வருந்தும் நோயாளிகளுக்கு நான் ஆலோசனை சொல்ல வேண்டும். அவர்களில் பாதிப் பேருக்குத் தைராய்டு குறைவாகச் சுரந்தது. மாத்திரை அளவு இன்னும் சரியாகவில்லை. எப்போதும் குளிரும், உடம்பு ஊதும், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே ஒரு தூக்கம் போடலாம் போல இருக்கும். அப்படி ஒரு அம்மா ஸ்வெட்டரோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். நான் மேசையைத் தட்டித் தட்டி மன உறுதி பற்றிப் பேசினேன். விடியுமுன் எழ வேண்டும், பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டும், படிகளை இரண்டிரண்டாக ஏற வேண்டும். அவர் எல்லாவற்றையும் மெதுவாகக் கேட்டுக்கொண்டு, "நீங்க ஒரு தடவை மூச்சு விட்டுட்டுப் பேசுங்க தம்பி" என்றார். அவர் சோம்பேறி என்று என் குறிப்பில் எழுதினேன்.

தைராய்டு விழிப்புணர்வு நாள் வந்தது. மருத்துவமனையின் பெரிய அரங்கம். பொதுமக்களைத் திரட்டியது போதாமல், நாற்காலிகளை நிரப்ப ஊழியர்களின் குடும்பங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். என் மனைவியும் வந்திருந்தாள். மேடையில் மூத்த நிபுணர் நடுநாயகமாக உட்கார்ந்திருக்க, அவர் தயாரித்த படங்களைத் திரையில் ஓட்டி இயக்குநரே விளக்கம் சொன்னார். மருத்துவர் பேசினால் மக்களுக்குப் புரிந்துவிடும், அப்புறம் யாரும் வர மாட்டார்கள் என்பது அவர் கொள்கை. அவர் பக்கத்தில் நின்று, சிவப்பு ஒளிப்புள்ளியால் திரையில் உரிய இடத்தைச் சுட்டிக்காட்டும் வேலை எனக்கு.

முதல் படத்திலேயே சிக்கல். 'கழுத்து' என்ற இடத்தைக் காட்டச் சொன்னால் என் புள்ளி காது, தோள், கூரை என்று ஊர் சுற்றியது. இரண்டு கையாலும் பிடித்தேன். அப்போது இரண்டு மடங்கு ஆடியது. இயக்குநர் பொருட்படுத்தாமல் அறிகுறிகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். கை நடுங்கும் என்றார். மக்கள் திரையில் ஆடிய புள்ளியைப் பார்த்தார்கள். பிறகு அந்தப் புள்ளி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார்கள். வியர்த்துக் கொட்டும் என்றார். குளிரூட்டிய மேடையில் என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எடை குறையும் என்றார். சட்டை என் மேல் கொடியில் காயப்போட்டது போலத் தொங்கியது. கண்கள் அகல விழித்தபடி இருக்கும் என்றார். நான் இமைக்காமல் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எரிச்சல் வரும் என்றபோது, முன்வரிசையில் இருமிய ஒருவரை நான் ஒலிபெருக்கியிலேயே அதட்டினேன்.

குடையோடு உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா எழுந்தார்.

"ஐயா, நீங்க சொன்னதெல்லாம் பக்கத்துல நிக்கிறவருக்கு இருக்கே. அவரை யாராவது பார்த்தீங்களா?"

அரங்கம் முழுக்க 'ஆமா ஆமா' என்று ஒரு முனகல் ஓடியது. கால் மணி நேரப் பாடத்தில் மக்கள் இவ்வளவு தேறிவிடுவார்கள் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. இயக்குநர் கேள்விகளைக் கடைசியில் கேட்கும்படி சொல்லிப் பார்த்தார். முனகல் அடங்கவில்லை.

"அம்மா, அவரு எங்க ஊழியரு," என்றார் பொறுமையாக. "அவருக்கு எப்படி இருக்கும்? அவரு மன உறுதியால இளைச்சவரு. வெளியில போஸ்டர் இருக்கு, போகும்போது பாருங்க."

மூத்த நிபுணர் தன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பரிசோதனை முடிவு இல்லாமல் யாரைப் பற்றியும் எதுவும் சொல்வது விஞ்ஞானம் ஆகாது என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். எனக்கு வந்ததே கோபம். எனக்கு ஒரு நோயும் இல்லை, இத்தனை வருடத்தில் இப்போதுதான் நன்றாக இருக்கிறேன் என்று ஒரே மூச்சில், நடுங்கும் குரலில், வியர்வை கண்ணில் வடிய அறிவித்தேன். யாரும் கைதட்டவில்லை. என் மனைவி அதற்குள் எழுந்து வெளியே போயிருந்தாள்.

அவள் நேராக வரவேற்பு மேசைக்குப் போய் எனக்கு முன்பதிவு கேட்டிருக்கிறாள். வரவேற்புப் பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டதாம்.

"அக்கா, எனக்கும் கொடுக்கணும்னுதான் இருக்கு. முதல்ல ரத்தப் பரிசோதனை முடிவு வேணும். அப்புறமும் ஊழியர்னா கடைசி இடம்தான். போன தடவை ஒருத்தருக்குப் பாவம் பார்த்தேன், சார் மெமோ கொடுத்துட்டாரு."

"எந்த சார்?"

"உங்க சார்தான் அக்கா."

அன்று வீட்டில் இதை அவள் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் சொன்னாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? வெட்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ பெருமையாக இருந்தது. விதியை எழுதியவன் பெண்டாட்டிக்கே விதி வளையவில்லை என்றால் அது எவ்வளவு நல்ல விதி என்று அவளிடமே கேட்டேன். அவள் போய் ஒரு பையில் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். உன் அக்கா வீட்டுக்கா என்றேன். இப்போதைக்கு இல்லை, எடுத்து வைக்கிறேன், அவ்வளவுதான் என்றாள். அவள் ஒவ்வொன்றாக எண்ணி அடுக்கிய விதம் என்னைப் பயமுறுத்தியது. மறுநாள் ரத்தம் கொடுத்தேன்.

முடிவு வந்தது. ஒரு எண்ணுக்கு எதிரே சிவப்பு எழுத்தில் 'மிகக் குறைவு' என்று இருந்தது. அந்த எண், மூளைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு. தைராய்டு தறிகெட்டு ஓடும்போது, இனி வேலை செய்யாதே என்பதற்காக அந்த உத்தரவு நின்றுபோகும். எடுபிடிக்குக்கூடத் தெரிந்த சங்கதி. நானோ, எடை குறைந்தது, கூட்டம் குறைந்தது, இதுவும் குறைந்திருக்கிறது என்று மகிழ்ந்து மடித்து வைத்துக்கொண்டேன். முன்பதிவு ஒரு மாதம் தாண்டிக் கிடைத்தது. அந்த நாளில் போனபோது முடிவு காலாவதியாகியிருந்தது. வரவேற்புப் பெண் என் முகத்தைப் பார்க்காமல் விதியைப் படித்துக் காட்டினாள். சரியாகச் செய்தாய் என்று பாராட்டினேன். மறுபடி ரத்தம் கொடுத்தேன், மறுபடி ஒரு நாள் கொடுத்தார்கள். என் அறைக்கும் நிபுணரின் அறைக்கும் நடுவே ஒரு சுவர்தான். தினமும் ஒரே லிஃப்டில்தான் போவோம். அவர் என்னிடம் வெயிலைப் பற்றிப் பேசுவார். நான் வியர்ப்பேன்.

அந்த இரண்டாவது முன்பதிவு நாள் வருவதற்கு முன்பே ஒரு காலையில், படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி மேலே போய்ச் சேர்ந்ததும் நெஞ்சுக்குள் ஒரு பறவை மாட்டிக்கொண்டது போல இருந்தது. தாளம் தப்பித் தப்பி அடித்தது. என் போஸ்டருக்கு நேர்கீழே உட்கார்ந்தேன், பிறகு படுத்தேன். மருத்துவர்களும் செவிலியர்களும் ஓடி வந்தார்கள். ஓடி வந்து, இவரை ஊழியராகக் கருதுவதா நோயாளியாகக் கருதுவதா, முன்பதிவு இருக்கிறதா, முடிவு எத்தனை நாள் பழையது என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். எல்லாரையும் அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தேன். கடைசியில் காவலாளிதான் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து, இதயம் ஹார்மோனில் சேராது என்று சொல்லி எதிரில் இருந்த பொது மருத்துவமனைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

அங்கே பணி முடிந்து வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு பெண் மருத்துவர், தோளில் மாட்டிய பையைக் கழற்றாமலே என் நாடியைப் பிடித்தார். பையைக் கழற்றினார். கையை நீட்டச் சொல்லி விரல்கள் மேல் ஒரு காகிதத்தை வைத்தார். அது காற்றில்லாமல் படபடத்தது. பின்னால் நின்று கழுத்தைத் தடவி, எச்சில் விழுங்கச் சொன்னார். அதற்குள் மனைவி வந்து சேர்ந்திருந்தாள். எத்தனை நாளாக இப்படி என்று மருத்துவர் கேட்டார். இல்லை, நன்றாகத்தான் இருந்தேன் என்று நான் தொடங்கினேன்.

"இவருக்கு சிறந்த ஊழியர் விருது கொடுத்தாங்க டாக்டர். அதுக்குக் கொஞ்சம் முன்னாடியிலேர்ந்து," என்றாள் மனைவி.

"எங்க வேலை பார்க்கிறாரு?"

மனைவி ஜன்னலைக் காட்டினாள். ஜன்னலுக்கு வெளியே 'உங்கள் கழுத்து எங்கள் கையில்' என்று தெரிந்தது. மருத்துவர் அதைப் படித்தார். என்னைப் பார்த்தார். எழுத ஆரம்பித்தார். அவர் அப்போது சிரிக்காமல் இருந்ததற்கு நான் இன்றைக்கும் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சில நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். படபடப்பை அடக்க ஒரு மாத்திரை, சுரப்பைக் குறைக்க ஒரு மாத்திரை. காய்ச்சலோடு தொண்டை வலித்தால் அந்த இரண்டாவது மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஓடி வர வேண்டும் என்று அந்த மருத்துவர் என்னிடம் சொல்லாமல் மனைவியிடம் சொன்னார். தொடர்ந்து பார்க்க ஹார்மோன் நிபுணர்தான் வேண்டும் என்று ஒரு கடிதம் கொடுத்து, சாலையைத் தாண்டித் திருப்பி அனுப்பினார். சிபாரிசுக் கடிதத்தோடு வருபவர்களுக்கு எங்களிடம் தனி வரிசை. அரை மணியில் மூத்த நிபுணரின் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவர் கடிதத்தைப் படித்தார், முடிவுகளைப் படித்தார், பிறகு என்னைப் பார்த்து, "உங்களை எங்கயோ பார்த்திருக்கேனே" என்றார்.

மாத்திரை வேலை செய்தது. வாராவாரம் நான் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் இறங்கினேன். நடுவில் ஒருமுறை மாத்திரை அளவு கூடிப்போய், சுரப்பு தேவைக்கும் கீழே போய்விட்டது. அப்போது குளிர்ந்தது, முகம் ஊதியது, காரணமில்லாமல் அழுகை வந்தது, நாற்காலியிலிருந்து எழுவதற்கு ஒரு தீர்மானம் தேவைப்பட்டது. என் இடத்தில் ஆலோசனை சொல்ல அமர்த்தியிருந்தவர் என்னையே உட்காரவைத்து மன உறுதி பற்றிப் பேசினார். நான் எழுதிக் கொடுத்த அதே வரிகள். ஸ்வெட்டரோடு வந்த அந்த அம்மா எப்படி எழுந்து என்னை அறையாமல் போனார் என்று வியந்தேன். அறைய அவருக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான். பிறகு நிபுணர் மாத்திரையைக் குறைத்தார். ஒரு காலையில் எழுந்தபோது சூடாகவும் இல்லை, குளிராகவும் இல்லை. பசித்தது, சாப்பிட்டேன், பசி அடங்கியது. பரிசோதனை முடிவில் எல்லா எண்களும் கறுப்பு எழுத்திலேயே இருந்தன. நார்மல்.

முதல் வேலையாக அந்த இரண்டு விதிகளையும் எடுத்துவிட்டேன். காத்திருப்புக் கூடம் மறுபடி நிரம்பியது. மாலைக்குள் புகார் போய், மறுநாள் இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். அறையில் மூத்த நிபுணரும் இருந்தார். இயக்குநரின் பேச்சில் அன்பு வழிந்தது.

"நீங்க குணமானதுல எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா ஒரு தலைவனா நான் யோசிக்கணும் இல்லையா? ஆறு மாசத்துக்கு முன்னாடி நீங்க ஒரு நாள்ல செஞ்சதை இப்ப ஒரு வாரத்துல செய்யறீங்க. எடையும் ஏறிட்டீங்க. வெளியில போஸ்டர்ல இருக்கிற ஆளும் நீங்களும் ஒரே ஆள்னு யாரும் நம்ப மாட்டாங்க. போஸ்டரை மாத்த முடியாது, அச்சடிச்சாச்சு." நிபுணர் பக்கம் திரும்பினார். "டாக்டர், நார்மல்னா என்ன? ஊர்ல எல்லாருக்கும் இருக்கிறதுதானே? சராசரிதானே? நம்ம நிறுவனம் என்னைக்கு சராசரிக்கு ஆசைப்பட்டிருக்கு? முழு நோய் வேண்டாம். அது ஆபத்துன்னு எனக்கும் தெரியும். நார்மலுக்குக் கொஞ்சம் மேலே. மாத்திரையில ஒரு கால்வாசி குறைச்சா போதாதா? மேலாளர் நாற்காலி காலியாத்தான் இருக்கு."

நிபுணர் அதிர்ந்து எழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். நோயாளி சம்மதித்தால் அது பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதலாம் என்றார்.

இங்கே நான் எழுந்து நின்று நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வந்ததாக எழுதத்தான் ஆசை. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். உண்மையிலேயே யோசித்தேன். படிகளில் பறந்தது, எல்லாரும் புயல் என்று கூப்பிட்டது, எதிலும் சந்தேகமே வராமல் இருந்தது, எல்லாம் நினைவுக்கு வந்தது. சந்தேகமே இல்லாமல் வாழ்ந்த நாட்கள் எனக்கு வேறு கிடையாது. ஒரு கால் மாத்திரை. யாருக்குத் தெரியப்போகிறது?

வீட்டுக்கு வந்தபோது மனைவி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நான் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். இயக்குநர் சொன்னதைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே ஒரு கணக்குக்குப் பாதி மதிப்பெண் போட்டாள். பிறகு நான், பல நாளாக வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போன கேள்வியைக் கேட்டேன்.

"அந்த நாள்ல நான் உன்னைப் பேசினதெல்லாம் நான் இல்லைதானே? தைராய்டுதானே அது?"

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"பாதி தைராய்டு. பாதி நீங்க. இப்ப மாத்திரை சாப்பிட்டு நார்மல் ஆன பிறகும் அந்தப் பாதி அப்படியேதான் இருக்கு. அதுக்கு எதாவது மாத்திரை இருக்கான்னு உங்க பெரிய டாக்டர்கிட்ட போன தடவை தனியா கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"அவங்க வீட்டம்மாவும் அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்காங்களாம்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். முழு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். அது தொண்டையில் இறங்கியதா என்று என் கழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவள் அடுத்த விடைத்தாளை எடுத்தாள்.